உரிமம் பெற்ற குழந்தைகள் காப்பகத்தில் விதிமீறல் என்றால் என்ன?

பிள்ளையைப் பகல் முழுவதும் ஒரு காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பெற்றோர் திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும் இப்போது நிறையவே இருக்கிறார்கள். ஆச்சியும் தாத்தாவும் அம்பாசமுத்திரத்திலோ வள்ளியூரிலோ இருக்க, மகனும் மருமகளும் பெருமாள்புரத்திலோ மகாராஜநகரிலோ வாடகை வீட்டில் இருந்துகொண்டு இருவருமே வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு, இரண்டு வயதுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டியிருக்கிறது. அப்படி இடம் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, 'லைசென்ஸ் இருக்கிறதா?' என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான் அது. 'இருக்கிறது' என்ற பதில் வந்ததும் விசாரணையை முடித்துக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. உரிமம் உள்ள இடத்திலும் விதிமீறல்கள் நடக்கும் என்பதையும், அவை எப்படிப்பட்டவை, அவற்றுள் எவற்றுக்கு உடனே பதற வேண்டும், எவற்றைப் பேசித் திருத்தலாம் என்பதையும் இதுவரை இவற்றைப் பற்றி யோசித்திராத ஒரு பெற்றோருக்குப் புரியும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உரிமம் என்பது, ஓர் அதிகாரி வந்து பார்த்த நாளில் அந்த இடம் குறைந்தபட்ச நிபந்தனைகளை நிறைவேற்றியிருந்தது என்பதற்கான சான்று. எஃப்.சி. எடுத்த பேருந்து அன்றைக்கு நன்றாக இருந்தது என்பதற்கு மேல் அந்தச் சான்றிதழ் எதையும் சொல்வதில்லை. ஆறு மாதம் கழித்து அதன் பிரேக் எப்படி இருக்கிறது என்பதை ஓட்டுநரும் பயணியுமே அறிவார்கள். உரிமத்தின் நிலையும் அதுதான். ஆய்வுக்கு அதிகாரி வருவது எப்போதாவது ஒரு முறை. பெற்றோர் அந்த வாசலுக்குப் போவது தினமும் இரண்டு முறை. ஆகவே நிபந்தனைகள் என்னென்ன என்று பெற்றோருக்குத் தெரிந்திருந்தால், அவற்றுள் எது எப்போது மீறப்படுகிறது என்பது அதிகாரிக்கு முன்பே அவர்கள் கண்ணில் பட்டுவிடும்.

தமிழ்நாட்டில் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே விதி கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பேச்சுவழக்கில் 'பிளே ஸ்கூல்' எனப்படும் தனியார் விளையாட்டுப் பள்ளிகளுக்கெனத் தமிழக அரசு 2015இல் தனி ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. அலுவலகங்களும் ஆலைகளும் நடத்தும் காப்பகங்கள் வேறு வழியில் வருகின்றன. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்றும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்ப் பிள்ளையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்றும் விதித்தது. நாம் இன்னமும் 'பால்வாடி' என்று சொல்லிப் பழகிய அங்கன்வாடி, 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ் நடப்பது. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து பீடி சுற்றும் தாய்மார்களுக்கு, வேலை செய்யும் இடமும் பிள்ளை தவழும் இடமும் ஒன்றாகவே இருப்பதால், ஆலைக் காப்பகம் என்ற பேச்சே எழுவதில்லை. புகையிலைத் தூளுக்கு நடுவே வளரும் அந்தப் பிள்ளைகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

தனியார் நடத்தும் மழலையர் பள்ளி என்றால் அதன் கோப்பில் நான்கு தாள்கள் இருக்க வேண்டும்: பொறியாளர் தரும் கட்டட உறுதிச் சான்று, 1965ஆம் ஆண்டின் பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டப்படி வட்டாட்சியர் தரும் கட்டட உரிமம், சுகாதாரத் துறையின் சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் சான்று. இவற்றின் மேல்தான் கல்வித் துறையின் அனுமதி நிற்கிறது. இந்தச் சான்றுகளுக்குக் காலாவதித் தேதி உண்டு. சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் தாளில் பெயரை மட்டும் பார்க்காமல் அந்தத் தேதியையும் பார்க்க வேண்டும். காலாவதியான சான்றை வைத்துக்கொண்டு நடத்துவதே முதல் விதிமீறல்.

விபத்து நடக்காமலே விதிமீறல்

'இதுவரை ஒன்றும் நடக்கவில்லையே' என்பது காப்பகம் நடத்துகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் பதில். விதிமீறல் என்பதற்கு ஒரு குழந்தைக்கு அடிபட்டிருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. மூடியில்லாத தொட்டி, குழந்தை விழும் நாளில் விதிமீறலாக மாறுவதில்லை. மூடி உடைந்த நாளிலேயே அது விதிமீறல். இந்த இரண்டு நாட்களுக்கும் இடையே உள்ள காலத்தில் கண்ணில் பட்டதைச் சரிசெய்ய வைப்பதற்காகத்தான் ஆய்வும் புகாரும் இருக்கின்றன.

நம் மாநிலத்தில் நடந்தவற்றைப் பார்த்தாலே இது விளங்கும். கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 2004 ஜூலை 16ஆம் நாள் 94 குழந்தைகள் தீயில் கருகியபோது, சமையற்கூடத்தில் பிடித்த தீ கூரைக்குத் தாவியது. கீற்றுக் கூரை அதற்கு முந்தைய நாளும் அங்கேதான் இருந்தது. நம் திருநெல்வேலி நகரிலேயே 2021 டிசம்பர் 17ஆம் நாள் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடைவேளை நேரத்தில் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தனர். அதற்குப் பிறகுதான் மாநிலம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை வேகம் பிடித்தது. 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் எல்.கே.ஜி. படித்த ஒரு குழந்தை கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தது. தொட்டியின் இரும்பு மூடி துருப்பிடித்துப் போயிருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் மதுரையில் ஒரு மழலையர் பள்ளியின் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். கூரை, சுவர், மூடி என ஒவ்வொன்றும் முன்கூட்டியே கண்ணால் பார்த்திருக்கக் கூடியவை.

ஆளும் நேரமும்

விதிமீறல்களில் மிகப் பரவலானதும், மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் ஆள் பற்றாக்குறைதான். மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2018இல் காப்பகங்களுக்காக வெளியிட்ட வழிகாட்டுதல், மூன்று வயதுக்குக் குறைந்த பத்துக் குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளரும் ஓர் உதவியாளரும் வேண்டும் என்கிறது. மூன்று வயதுக்கு மேற்பட்டவர்கள் என்றால் இருபது பேருக்கு ஒருவர். காகிதத்தில் இந்தக் கணக்குப் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இரண்டு மிஸ், இரண்டு ஆயா, முப்பது பிள்ளைகள் என்று சேர்க்கைப் பதிவேடு சொல்லும். பகல் ஒரு மணிக்கு மேல் மூன்று மணிக்குள் அங்கே போய்ப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஒரு மிஸ் சாப்பிடப் போயிருப்பார், ஓர் ஆயா பின்கட்டில் தட்டுக் கழுவிக்கொண்டிருப்பார், இன்னொரு ஆயா அரை நாள் விடுப்பு. பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்ற தைரியத்தில் ஒருவர் மட்டும் செல்போனோடு உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் ஒன்றுக்கு முப்பது என்பதே அங்குள்ள விகிதம். ஆள் கணக்கைச் சம்பளப் பட்டியலை வைத்துப் போடக் கூடாது. அந்த நிமிடத்தில் பிள்ளைகளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டிருப்பவர்களை எண்ண வேண்டும். சமையல் செய்கிறவர், கணக்கு எழுதுகிறவர், வாசலில் கட்டணம் வாங்குகிறவர் யாரும் அந்த நேரத்துக்கு எண்ணிக்கையில் சேர மாட்டார்கள்.

இந்த எண்கள் எதற்காக என்று கேட்டால், தீப்பிடித்த அறை ஒன்றை நினைத்துப் பார்த்தால் போதும். நடக்கத் தெரியாத கைக்குழந்தைகளை ஒருவர் ஒரு நேரத்தில் இடுப்புக்கு ஒன்றாக இரண்டு பேரைத்தான் தூக்கிக்கொண்டு வெளியே வர முடியும். காப்பகம் தரைத்தளத்தில் இருக்க வேண்டும் என்று விதிகள் வற்புறுத்துவதும் இதனால்தான். வண்ணார்பேட்டைப் பக்கம் கீழே கடைகளும் மேலே காப்பகமுமாக, ஒற்றைக் குறுகிய மாடிப்படியோடு இருக்கும் கட்டடங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படியின் அகலம்தான் முதலில் கண்ணில் படும். அந்தப் படிக்கட்டில் செருப்பு அடுக்கும் அலமாரியும் தண்ணீர்க் கேன்களும் வைக்கப்பட்டிருந்தால் அதுவும் தனியாக ஒரு விதிமீறல். வெளியேறும் வழியில் பொருள் அடைத்து வைக்கக் கூடாது.

தண்ணீர், கழிவறை, கதவு

சிறு குழந்தை மூழ்குவதற்கு ஆழமான தண்ணீர் தேவையில்லை. தலை கனத்த ஒரு வயதுப் பிள்ளை வாளிக்குள் எட்டிப் பார்த்து உள்ளே சரிந்தால், சில அங்குலத் தண்ணீரே மூக்கையும் வாயையும் மூடிவிடும், சத்தமும் வராது. நம் வீடுகளில் குளியலறை வாளியில் எப்போதும் தண்ணீர் நிறைத்து வைப்பது வழக்கம், தண்ணீர் நின்றுவிடுமோ என்ற பயம் அப்படி. காப்பகத்தில் அந்த வழக்கம் கூடாது: வாளி கவிழ்ந்திருக்க வேண்டும், கழிவறைக் கதவு பெரியவர் எட்டும் உயரத்தில் தாழிட்டிருக்க வேண்டும், தரைத் தொட்டிக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் ஒரு பெரியவர் ஏறி நின்றாலும் தாங்கும் மூடி பூட்டோடு இருக்க வேண்டும். ஓரத்தில் துருவேறிய தகட்டின் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்திருந்தால் அது மூடியே ஆகாது.

பாளையங்கோட்டையில் ஒரு காப்பகத்தைப் பார்க்கப் போயிருந்தபோது, கழிவறை ஜன்னல் திட்டில் ஒரு லிட்டர் பாட்டில் இருந்தது. யாரோ கலர் குடித்துவிட்டுப் போட்ட பிளாஸ்டிக் பாட்டில், லேபிள்கூடக் கிழிக்கப்படவில்லை. உள்ளே தெருவில் வண்டிக்காரரிடம் வாங்கிய பினாயில், பால் கலந்தாற்போல் வெள்ளையாக இருந்தது. திட்டின் உயரம் நான்கு வயதுப் பிள்ளையின் தோள் அளவு. "மூடி இறுக்கமாத்தான் இருக்கு சார், பிள்ளைகளால திறக்க முடியாது" என்றார் ஆயா. அவர் சொன்னதில் பொய்யில்லை, மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் பினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர் முதலியவற்றை உண்ணும் பொருளின் கலத்தில் ஊற்றி வைப்பதும், பூட்டிய அலமாரிக்கு வெளியே வைப்பதும் இரண்டு தனித்தனி மீறல்கள். தவறிக் குடித்துவிட்ட பிள்ளையை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்பதையும், அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கோ அருகிலுள்ள மருத்துவமனைக்கோ ஓட வேண்டும் என்பதையும் அங்குள்ள ஒவ்வொரு பணியாளரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 108 எண்ணைச் சுவரில் எழுதி வைத்தால் மட்டும் போதாது.

கதவைப் பற்றி நம் ஊருக்கென்று ஒரு தனிக் குறிப்பு உண்டு. ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுவதோடு, திறந்து கிடக்கும் கதவுகளையும் அறைந்து சாத்துகிறது. தென்காசிப் பக்கமும் இதே கதைதான். கீல் பக்கத்து இடுக்கில் விரலை வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு நகமோ விரல் நுனியோ போய்விடும். கதவுக்கு அடியில் ஒரு நிறுத்தியும் கீல் பக்கத்தில் ஒரு ரப்பர் தடுப்பும் வைக்க ஆகும் செலவு மிகச் சொற்பம். வாசல் கிரில் கேட்டின் கொண்டியை உள்ளிருந்து ஒரு மூன்று வயதுப் பிள்ளையால் எட்டித் தள்ள முடிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தள்ள முடிந்தால் அடுத்த அடி தெருவில்தான்.

தூக்கம், சாப்பாடு, மருந்து

கைக்குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். தலையணையோ தளர்ந்த போர்வையோ மெத்தென்ற பொம்மையோ அருகில் இருக்கக் கூடாது என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட மருத்துவ அறிவுரை. சேலைத் தொட்டிலில் போட்டு ஆட்டினால்தான் நம் பிள்ளைகள் தூங்கும் என்பதை நான் மறுக்கவில்லை, நானும் அப்படித் தூங்கியவன்தான். வீட்டில் ஆச்சி தொட்டிலருகிலேயே உட்கார்ந்திருப்பாள். காப்பகத்தில் நான்கு தொட்டிலுக்கு ஓர் ஆள் என்றாகும்போது, சேலை முறுக்கிக்கொள்வதும், உட்காரப் பழகிய பிள்ளை எட்டிப் பார்த்துக் கீழே விழுவதும், கொக்கி நழுவுவதும் கவனிக்கப்படாமல் போய்விடும். அங்கே உறுதியான சமதளப் படுக்கையே சரி. தூங்கும் பிள்ளைகளைக் குறிப்பிட்ட இடைவெளியில் ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டில் இரண்டு விஷயங்கள். ஒன்று, தொண்டையில் சிக்கக் கூடியவை: நிலக்கடலை, முழுத் திராட்சை, வட்டமாக நறுக்கிய கேரட், கெட்டி மிட்டாய். ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இவற்றை அப்படியே கொடுக்கக் கூடாது. நடந்துகொண்டோ படுத்துக்கொண்டோ சாப்பிட விடவும் கூடாது. மற்றொன்று, காலையில் எட்டு மணிக்கு வீட்டில் கட்டிக் கொடுத்த தயிர் சாதமும், காப்பகத்தில் பதினோரு மணிக்கே வடித்து வைத்த சோறும் நம் வெயிலில் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது. சமைத்த உணவு இளஞ்சூட்டில் கிடக்கும் இரண்டு மூன்று மணி நேரமே கிருமிகள் பெருகப் போதும். உணவு சமைத்துப் பரிமாறும் இடத்துக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ வேண்டும் என்பதையும் பலர் கேட்பதில்லை. டயப்பர் மாற்றும் இடமும் உணவு பரிமாறும் இடமும் தனித்தனியாக இருக்க வேண்டும், மாற்றியவர் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

மருந்து விஷயத்தில் நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் மீறல்களே அதிகம். பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது, அம்மா போனை எடுக்கவில்லை, அலமாரியில் வேறொரு பிள்ளைக்காக வைத்த காய்ச்சல் சிரப் இருக்கிறது, மிஸ் ஐந்து மில்லி ஊற்றிக் கொடுத்துவிடுகிறார். கடைகளில் கிடைக்கும் பாராசிட்டமால் சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100 மில்லிகிராம். ஒரே அளவுக் கரண்டி, ஒரே நிறம், ஆனால் உள்ளே போகும் மருந்து இரு மடங்கு. வீட்டில் காலையில் ஏற்கெனவே ஒரு வேளை கொடுத்திருந்தால் கணக்கு இன்னும் மோசமாகும். ஆகவே பெற்றோரின் எழுத்து அனுமதி, பிள்ளையின் பெயர் எழுதிய பாட்டில், கொடுத்த நேரமும் அளவும் பதிந்த ஏடு ஆகிய மூன்றும் இல்லாமல் எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது. இதில் பெற்றோருக்கும் பங்குண்டு: காய்ச்சல் மருந்தைக் கொடுத்து உடம்பு தணிந்ததும் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் வருகிறவர்கள், மற்றப் பிள்ளைகளுக்கும் நோயைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். வயிற்றுப்போக்கு, கை கால் வாயில் கொப்புளம் வரும் நோய், கண்வலி எல்லாம் இப்படித்தான் ஒரே வாரத்தில் ஓர் அறை முழுவதும் பரவுகின்றன.

டெங்குவைப் பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். வாரம் ஒரு முறை தொட்டி, குடம், பூந்தொட்டித் தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு எல்லாவற்றையும் காலி செய்து தேய்த்துக் கவிழ்க்காத காப்பகத்துக்கு மாநகராட்சியே அபராதம் போடலாம்.

வெயிலும் வெள்ளமும் வண்டியும்

பாளையங்கோட்டையில் கோடைப் பகலில் வெப்பம் நாற்பது டிகிரியைத் தொடுவது புதிதல்ல. தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ வேய்ந்த அறையில், மதிய நேரத்தில், மின்சாரம் போனபின் இருபது பிள்ளைகளை அடைத்து வைப்பது சுகாதார மீறல் என்றே நான் கருதுகிறேன். காற்றோட்டம் வேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது. மறுமுனையில் மழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை கடந்தபோது ஜங்ஷனும் அதைச் சுற்றிய தெருக்களும் தண்ணீரில் நின்றன. அப்படி வெள்ளம் புகுந்த தரைத்தளக் கட்டடங்களில் சுவிட்சுப் பெட்டிக்குள் ஈரம் தங்கும், தரைத் தொட்டியில் சாக்கடை கலக்கும், பாம்பு தேள் ஒதுங்கும். தண்ணீர் வடிந்த மறுவாரமே பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட இடத்தில், மின்பணியாளரை வைத்துச் சோதித்தார்களா, தொட்டியைக் கழுவிக் குளோரின் போட்டார்களா என்று கேட்பதில் தவறே இல்லை.

வேனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏற்றிய பிள்ளைகளையும் இறக்கிய பிள்ளைகளையும் பெயர் சொல்லி எண்ண வேண்டும். எண்ணியபின் உதவியாளர் கடைசி இருக்கை வரை நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் வெப்பம் பத்து நிமிடத்திலேயே பத்து டிகிரிக்கு மேல் ஏறிவிடும், தூங்கிப்போன பிள்ளை கூப்பிடாது.

அடியும் அத்துமீறலும்

அடிப்பது, கிள்ளுவது, இருட்டறையில் அடைப்பது, அழுதால் வாயில் துணி திணிப்பது, சாப்பிடவில்லை என்று மூக்கைப் பிடித்து ஊட்டுவது ஆகியவற்றை 'கண்டிப்பு' என்று யாரும் சமாதானம் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 75ஆம் பிரிவு, குழந்தைகளைப் பராமரிக்கும் நிறுவனத்தில் வேலை பார்ப்பவரோ அதை நடத்துபவரோ குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. பாலியல் அத்துமீறல் என்று சந்தேகம் வந்தால் போக்சோ சட்டப்படி அதைக் காவல் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். கீழே உள்ளவர் செய்ததை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கே ஓராண்டு வரை சிறை உண்டு. இந்த வகையில் 'முதலில் நிர்வாகத்திடம் பேசிப் பார்ப்போம்' என்பது கூடவே கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ நேரே போக வேண்டும். பிள்ளையிடம் திரும்பத் திரும்பக் குடைந்து கேட்கவும் கூடாது. அவன் சொன்னதை அவன் சொன்ன சொல்லிலேயே எழுதி வைத்துக்கொள்வது போதும்.

பெரிய மீறலும் சிறிய மீறலும்

எல்லா மீறலும் ஒரே எடை உள்ளவை அல்ல. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் காப்பக விதிகள் ஒவ்வொன்றையும், அது மீறப்பட்டால் குழந்தைக்கு வரக்கூடிய ஆபத்தின் அளவைக் கொண்டு ஐந்து நிலைகளாகப் பிரித்திருக்கிறது. அந்த நாட்டின் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசு மானியம் பெறும் உரிமக் காப்பகங்களை ஆண்டுக்கு ஒரு முறையாவது முன்னறிவிப்பின்றி ஆய்வு செய்து, அறிக்கையைப் பொதுமக்கள் இணையத்தில் படிக்கும்படி வெளியிட வேண்டும். அங்கே குடியேறிய நம் ஊர்ப் பிள்ளைகள், பேரப்பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் பழைய மீறல்களின் பட்டியலை உட்கார்ந்த இடத்திலேயே படித்துவிடுகிறார்கள். இங்கே நாம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டு, முப்பது நாள் காத்திருந்து அதே விவரத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் கேட்கலாம், கேட்பவர்கள் குறைவு என்பதுதான் குறை.

மூன்று கேள்விகளைக் கொண்டு ஒரு மீறலின் எடையை நாமே போட்டுப் பார்க்கலாம். இதனால் உயிருக்கோ உறுப்புக்கோ இன்றைக்கே ஆபத்து வருமா? இது ஒரு நாள் நழுவலா, அங்குள்ள வழக்கமே இப்படியா? சுட்டிக்காட்டியபோது திருத்தினார்களா, மறைத்தார்களா? திறந்த தொட்டி, பூட்டாத வாசல், ஆளில்லாத அறை ஆகியவை முதல் கேள்விக்கே மாட்டிக்கொள்ளும். அன்று பிள்ளையை அங்கே விடக் கூடாது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து விடுபடுவது சின்ன விஷயமாகத் தோன்றும், நானும் அதைப் பெரிய மீறலாக வைக்க மாட்டேன். ஆனால் தீப்பிடித்து எல்லோரும் தெருவுக்கு ஓடி வந்தபின், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று சொல்வதற்கு அந்தப் பதிவேட்டைத் தவிர வேறு எதுவும் கிடையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மூன்றாவது கேள்விதான் நிர்வாகத்தின் குணத்தைக் காட்டும். பிள்ளையின் நெற்றியில் வீக்கத்தைப் பார்த்து, "எப்படி அடிபட்டது மிஸ்?" என்று கேட்கும் தாய்க்கு, "சறுக்கல் மரத்திலிருந்து பதினொன்றரை மணிக்கு விழுந்தான், ஐஸ் வைத்தோம், உங்களுக்குப் போன் செய்தோம், ஏட்டில் எழுதியிருக்கிறோம்" என்று பதில் வந்தால் அந்த இடத்தை நம்பலாம். "வீட்டிலிருந்து வரும்போதே இருந்தது" என்று வந்தால் யோசிக்க வேண்டும்.

எங்கே சொல்வது

உயிருக்கு உடனடி ஆபத்தில்லாத மீறல் என்றால் முதலில் நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்னதை யாரும் சொன்னதாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். புகைப்படம் எடுக்கலாம், ஆனால் மற்றப் பிள்ளைகளின் முகம் அதில் விழக் கூடாது. அதைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போடுவதால் தொட்டிக்கு மூடி வந்துவிடாது. நிர்வாகம் திருத்தவில்லை என்றால், விளையாட்டுப் பள்ளியானால் கல்வித் துறை அலுவலகம், அங்கன்வாடியானால் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர், சாப்பாடு என்றால் உணவுப் பாதுகாப்புத் துறை, கொசுவும் சாக்கடையும் என்றால் மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவு, குழந்தையின் மேல் கொடுமை என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. எந்த வாசல் என்று தெரியாதபோது, கொக்கிரகுளத்தில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவைக் கொடுத்துவிட்டால், அது உரிய துறைக்குப் போய்ச் சேரும். மனு எண்ணை மட்டும் விடாமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

புகார் கொடுத்தால் பிள்ளையைத் தனியாகப் பார்ப்பார்களோ, இடம் போய்விடுமோ என்ற பயம் பெற்றோரைக் கட்டிப்போடுகிறது. அந்தப் பயம் வெறும் கற்பனை என்று சொல்லிவிட முடியாது. நான்கைந்து பெற்றோர் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுக்கும் மனுவுக்கு இந்தத் தயக்கம் குறைவு, கவனம் அதிகம்.

புகார் உண்மை என்று தெரிந்தால் எப்போதும் பூட்டுப் போட்டுவிடுவார்கள் என்பதில்லை. பெரும்பாலும் அறிவிக்கை கொடுத்து, இன்ன தேதிக்குள் சரிசெய் என்று கெடு வைத்து, மறுபடி வந்து பார்ப்பார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே சீல். ஒரு காப்பகம் திடீரென மூடப்பட்டால் அங்கிருந்த பிள்ளைகள் மறுநாளே உரிமமே இல்லாத ஏதோ ஒரு வீட்டு முன்னறைக்குத்தான் போகிறார்கள் என்பதால், கெடுவும் மறு ஆய்வும் நல்ல வழி என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பல புகார்கள் அறிவிக்கையோடு நின்றுவிடுகின்றன. ஆகவே மனுக் கொடுத்தவர் கெடுத் தேதி எது என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, அந்தத் தேதி கடந்த வாரத்தில் அதே அலுவலகத்துக்குப் போய், மறு ஆய்வு நடந்ததா, அதன் அறிக்கை எங்கே என்று மனு எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும்.